இறக்கி வைத்த சுரூபம்

பெல்மவுண்ட் எஸ்டேட், பிக்கட்டி
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை ராஜகுமாரிக்கு,

அண்ணன் சந்தியாகு எழுதுவது. நீயும் மடத்துத் தலைமைத் தாயாரும் மற்ற சகோதரிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நாங்களும் நலம் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன்.

மடத்துக்குப் போன் போட்டு உங்கள் தாயாரிடம் சொன்னேன். மழை இரைச்சலில் அவர்களுக்கு எவ்வளவு கேட்டதோ, உன்னிடம் எவ்வளவு சொன்னார்களோ, தெரியாது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். போன மாதக் கடைசியில் இங்கே பேய்மழை. சஞ்சய் பிக்கட்டிக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். நம் லய வீடுகளுக்குக் கீழே ஓடைப் பாலம் இருக்கிறதே, அதன்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கரையில் நின்ற அவன் சிநேகிதன் இசக்கிமுத்து, வராதே என்று கத்தியிருக்கிறான். இவனுக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் வந்தானோ. பைக் பாறையில் மாட்டிக்கொண்டது. பிள்ளை போய்விட்டான். ஓடை நேராக அணையில் போய் விழுகிறது. தீயணைப்புக்காரர்கள் கயிறும் படகுமாக வந்து தேடினார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர் என் தோளில் கை வைத்து, "அடியில பூரா சேறுங்கய்யா. இனித் தண்ணி வத்துனாத்தான்" என்றார்.

ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வயது. போன பெரிய வெள்ளிக்கு ஆண்டவர் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கும்போது தோள் கொடுத்தவன் அவன்தான்.

பூசை வைக்கச் சாமியார் வராத வாரங்களில் இந்த எஸ்டேட் கோவிலில் ஜெபம் சொல்கிற உபதேசியார் நான். லயத்தில் செத்த எத்தனையோ பேரை நான் முன்னே நின்று அடக்கம் செய்திருக்கிறேன். என் பிள்ளைக்குச் சொல்ல ஜெபம் இருக்கிறது, உடம்புதான் இல்லை.

உன் அண்ணி இன்னும் அழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது ஜோதிமணி அவர்களை விலக்கிவிட்டு என்னைக் கேட்டாள்: "நீங்க பாத்தீங்களா? பாக்காம எப்படீங்க அழுகறது?" அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். கம்பிக் கிராதிக்குப் பின்னால் இருந்து வருகிற வார்த்தை ஆண்டவர் வார்த்தை என்று அவளுக்கு நினைப்பு. அவளுக்கு ஆறுதலாக நாலு வரி எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

அண்ணன்,
சந்தியாகு


கார்மேல் மடம்
25 ஆகஸ்ட் 2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தங்கை எழுதுவது. உங்கள் உடம்பையும் மனதையும் நம் ஆண்டவர் தாங்கட்டும். என் முழங்காலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அண்ணி, இதை உங்களுக்கென்றே எழுதுகிறேன். தாயார் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன மாலை, கோவிலில் மெழுகுதிரி மாற்றுவது என் முறை. எங்கள் பீடத்துக்குப் பின்னால் உயிர்த்த ஆண்டவரின் பெரிய படம் ஒன்று உண்டு. மடம் தொடங்கிய சகோதரிகள் கப்பலில் கொண்டுவந்தது. கல்லறை மூடி புரண்டு கிடக்கும், காவல்காரர்கள் தூங்குவார்கள், ஆண்டவர் வெள்ளைத் துணியோடு மேலே எழுந்து நிற்பார். இத்தனை வருடமாகத் தினமும் பார்க்கிற படம். அன்று திரியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். ஆண்டவர் முகத்தில் சஞ்சய் முகம் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் அவனை இங்கே கூட்டி வந்தீர்களே, கிராதி வழியாக என்னைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டுச் சிரித்தான், அதே சிரிப்பு. நான் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் அவன்தான்.

அவன் உயிரோடு இருக்கிறான், அண்ணி. எங்கே, எப்படி என்று எனக்குத் தெரியாது. இருக்கிறான்.

எல்லாருக்கும் என் ஜெபங்கள்.

ஆண்டவரில் உங்கள் தங்கை,
குமாரி


பெல்மவுண்ட் எஸ்டேட்
6 அக்டோபர் 2024

தங்கை குமாரிக்கு,

நலமா? இங்கே மழை விட்டு, கொழுந்து நன்றாக வருகிறது. ஆள்தான் குறைவு. ஜோதி வேலைக்குப் போகிறாள். சாப்பிடுகிறாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை.

ஆறுதலாக நாலு வரி கேட்டேன். நீ என்ன எழுதி அனுப்பினாய், குமாரி? அதை வாசித்துக் காட்டியதும் அவள் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். எழுத்து தெரியாதவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் விறகு அடுப்பில் ஒரு பானை வெந்நீர் வைத்தாள். சஞ்சய் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் குளிக்க ஊற்றிக் கொடுப்பாளே, அதே பானை. "வந்தா நடுங்கிட்டு வருவானுங்க. தண்ணில கெடந்த ஒடம்பு" என்கிறாள். அன்றிலிருந்து தினமும் ஒரு பானை. காலையில் ஆறிப்போனதைக் கொண்டுபோய் பீன்ஸ் செடிக்கு ஊற்றுகிறாள். நான் ஒரு நாள், செடியாவது செழிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அவள் என்னோடு அப்புறம் பேசவே இல்லை.

நீ உயிர்த்தவர் முகத்தில் அவனைப் பார்த்தாயா? நான் செத்தவர் முகத்தில் பார்க்கிறேன். நம் கோவிலில் இருக்கும் மரச் சுரூபத்தைச் சொல்கிறேன். அப்பா சிலோனிலிருந்து வரும்போது தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. தோளில் தோல்வார் வைத்துத் தைத்திருப்பதால் கை இரண்டும் மடங்கும். நீ அப்போது கைக்குழந்தை. மண்டபம் முகாமில் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்துவிட்டு, "ஐயோ, பொணம்!" என்று துள்ளி விழுந்ததை அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார். அந்தச் சுங்கக்காரர் பயந்ததில் தப்பில்லை. பாதி திறந்த கண், காய்ந்து பிளந்த உதடு, ஒரு பக்கம் சரிந்த தாடை. அதைச் செதுக்கினவன் செத்த பிள்ளை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனாக இருக்க வேண்டும்.

போன வருடம் சாமியார் வாங்கி வந்த ஃபைபர் சுரூபமும் இருக்கிறது, உயிர்த்த ஆண்டவர். கையில் கொடி, கன்னத்தில் ரோஸ் பவுடர். காயங்கள் சட்டைப் பித்தான் போல வட்டமாக இருக்கின்றன. ஜவுளிக்கடை வாசலில் நிறுத்தினால் நாலு சேலை அதிகம் விற்கும். இவர் எந்தக் குழியிலும் படுத்தவரில்லை.

போன வாரம் கரடி மறுபடி கோவில் கதவை உடைத்துவிட்டது. விளக்கெண்ணெய் அத்தனையையும் குடித்துவிட்டு, திரியையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இந்தக் கோவிலில் ஒழுங்காகப் பக்தியோடு வருவது அது ஒன்றுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'சஞ்சய் இறந்துவிட்டான்' என்று நீ உன் கையால் எழுது. நீ சொன்னால்தான் நம்புவாள். நம்பினால்தான் அழுவாள். அழாமல் அவள் உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்,
சந்தியாகு


கார்மேல் மடம்
17 நவம்பர் 2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதம். கிறிஸ்துமஸ் வருகிறது என்று பல பங்குக் கோவில்களிலிருந்தும் பூசைக்கு அப்பம் கேட்டிருக்கிறார்கள். நாள் முழுவதும் மாவும் சூட்டுக்கல்லுமாகப் போகிறது. இங்கே நல்ல காற்று. அங்கே பனி விழத் தொடங்கிவிட்டதா? அண்ணிக்குக் கால் வெடிப்பு இருக்குமே, மெழுகும் தேங்காயெண்ணெயும் காய்ச்சித் தடவச் சொல்லுங்கள்.

அண்ணி நம்பிக்கொண்டிருந்தால் நம்பட்டும், அண்ணா. நம்புவது பாவமில்லை.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன், நானே வரைந்தது. கல்லறைத் தோட்டத்தில் மரிய மதலேன் உயிர்த்து வந்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து நிற்கிறாள். அண்ணியிடம் கொடுங்கள்.

அடுத்த மாதம் எங்களுக்கு மௌன காலம். கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் கடிதம் போக வர.

தங்கை,
குமாரி


பெல்மவுண்ட் எஸ்டேட்
19 ஜனவரி 2025

தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உன் முழங்கால், உங்கள் அப்பம், காற்று எல்லாம் நலம்தானே? இங்கே உறைபனி. காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறது, கொழுந்தெல்லாம் கருகிவிட்டது.

நான் கேட்டது ஒன்று, நீ பதில் எழுதியது கால் வெடிப்புக்கு. கெட்டிக்காரி.

கல்லறைத் திருநாளுக்கு எஸ்டேட்டில் எல்லாரும் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அவரவர் குழியில் மெழுகுதிரி ஏற்றினார்கள். ஜோதி ஒரு திரியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டாள். நான் மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிறேன், எல்லாக் குழியிலும் ஒரு பேர் இருக்கிறது, என் பிள்ளைக்கு இல்லை. ஜெபத்தின் நடுவே குரல் உடைந்துவிட்டது. உபதேசியாருக்குச் சளி என்று நினைத்திருப்பார்கள்.

டிசம்பரில் அணைத் தண்ணீர் இறங்கியபோது மீன் பிடிக்கிறவர்கள் ஒரு ஷூ கொண்டுவந்தார்கள். சஞ்சயுடையதுதான், நான் வாங்கிக் கொடுத்தது. ஜோதி அதைக் கழுவி வெயிலில் காய வைத்தாள். முடிச்சு அவிழ்ந்திருப்பதைக் காட்டினாள். "பாத்தீங்களா? கழட்டி உட்டுட்டு நீந்தியிருக்கறான்." அவளுடைய பிடுங்கல் தாங்காமல் இசக்கிமுத்து திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனி கம்பெனியாக சஞ்சய் போட்டோவைக் காட்டிவிட்டு வந்தான். நீ வரைந்த படத்தை அவள் அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். அந்தத் தோட்டக்காரரையும் பார்த்துக்கொண்டுதான் வெந்நீர் வைக்கிறாள்.

நீ நல்லவள், குமாரி. நல்லவர்களால் இந்த ஒரு வரியை எழுத முடியாது போலிருக்கிறது. எனக்கு அது தெரிகிறது. ஆனாலும் எழுது. காலில் விழுந்து கேட்கிறேன். ஒரே வரி.

அண்ணன்


கார்மேல் மடம்
2 மார்ச் 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

எனக்கு உள்ளே என்ன தோன்றுகிறது என்பது வேறு. அன்று கண்ணால் கண்டதை இல்லை என்று எப்படி எழுதுவேன்? எழுதினால் பிறகு அந்தப் பீடத்தின் முன்னால் நான் எதைப் பார்த்து முழந்தாளிடுவேன்?

வரும் புதன் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். வருகிற கடிதங்களைத் தாயார் கட்டி வைத்திருந்து ஈஸ்டர் திங்களன்று கொடுப்பார். இந்தத் தவக்காலம் முழுவதும் உங்கள் ஒரு வரியைத்தான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவரை பொறுங்கள். அண்ணியைக் கோபிக்காதீர்கள்.

தங்கை,
குமாரி


பெல்மவுண்ட் எஸ்டேட்
28 மார்ச் 2025

குமாரி,

நீ வாசிக்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். கிணற்றில் கல் போடுகிற மாதிரி இருக்கிறது. போகட்டும், நலமாக இரு.

வெள்ளிதோறும் சிலுவைப் பாதை. பதினான்கு படத்துக்கு முன்னும் நின்று நான்தான் வாசிக்க வேண்டும். முதல் முறை விழுகிறார், இரண்டாம் முறை விழுகிறார் என்று சத்தமாகச் சொல்கிறேன். வாய்தான் சொல்கிறது. ஜோதி பன்னிரண்டாம் ஸ்தலம் வரைக்கும் எல்லாரோடும் வருகிறாள். பதின்மூன்றில், இறக்கிய உடலை மாதாவின் மடியில் கிடத்துகிற படம். அது வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். இன்று நானும் பின்னாலேயே போனேன். ஏன் என்று கேட்டேன். "அந்தம்மாவுக்கு மடியில போட்டுக் குடுத்தாங்க. நல்லா அழுதுக்கட்டும். எனக்கு அதப் பாக்கப் பொறாமையா இருக்குதுங்க" என்றாள். மாதாவின் மேலே பொறாமை. இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்வது?

உனக்கு ஒரு வார்த்தை. நீ எழுதாவிட்டால் இவள் எனக்கு முன்னால் போய்விடுவாள். உடம்பு பாதியாகிவிட்டது. சேலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறாள். சாயங்காலமானால் பானையைத் தூக்கவே தெம்பில்லை, ஆனாலும் தூக்குகிறாள்.

அண்ணன்


பெல்மவுண்ட் எஸ்டேட்
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

குமாரி,

உனக்கு முழங்கால் நல்லபடியாக இருக்கட்டும். இன்று எனக்கு எழுதச் செய்தி இருக்கிறது.

நேற்று பெரிய வெள்ளி. சுரூபத்தை இறக்கி, ஆசந்தி என்கிற அந்தப் பாடையில் கிடத்தி லயத்தைச் சுற்றி வர வேண்டும். சஞ்சய் தோள் கொடுத்த இடத்தில் நான் நின்றேன். இசக்கிமுத்து ஏணிமேல் ஏறி ஆணியைக் கழற்றினான். பாரம் என் தோளில் இறங்கியதும் வலது தோள் தோல்வார் அறுந்துவிட்டது. அப்பா காலத்துத் தோல், ஈரத்தில் இற்றுப்போயிருக்கிறது. பிடித்துக்கொண்ட என் கையில் சுரூபத்தின் கை மட்டும் வந்தது. உடம்பு கல் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே எல்லாம் உளுத்து மாவாக இருந்தது. கோவிலே, 'ஐயோ ஆண்டவரே' என்று ஒரே குரலாகக் கத்தியது.

யாரும் தொடவில்லை. ஜோதிதான் எழுந்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, தலையும் மார்புமாக இருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தலைமுடியில் ஒட்டிய தூசியைத் துடைத்தாள். சரிந்த தாடையைப் பிடித்து மூடப் பார்த்தாள், மரம்தானே, மூடவில்லை. அப்போது அழுதாள், குமாரி. ஒன்பது மாதமாக வராத அழுகை. "எஞ்சாமி, எந்தங்கம், இப்படியா வந்து சேந்தே" என்று பெயர் சொல்லாமல் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த சாமியார் பிரார்த்தனைப் புத்தகத்தை மூடிவிட்டார். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? பெரிய வெள்ளியன்று சந்தோஷப்பட்ட உபதேசியார் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மந்திரித்த சுரூபம் உடைந்தால் குப்பையில் போடக்கூடாது, எரிக்க வேண்டும், அல்லது கல்லறை மண்ணில் புதைக்க வேண்டும் என்று சாமியார் சொன்னார். ஜோதி, "எரிக்க வேண்டாமுங்க சாமி. நான் அடக்கம் பண்றனுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இன்று சாயங்காலம் செய்தோம். ஞாயிறுதோறும் சஞ்சய் தலையில் தேய்ப்பாளே, அதே மாதிரி ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்தாள். உடைந்த துண்டுகளைச் சேர்த்து அவனுடைய வெள்ளை வேட்டியில் சுற்றினாள். சில்வர் ஓக் மரத்தடியில் இசக்கிமுத்து குழி வெட்டினான். நான் முழு அடக்க ஜெபமும் சொன்னேன். பெயர் வருகிற இடத்தில் சஞ்சய் என்றே சொன்னேன். ஜோதி மண் போட்டாள். ஒரு திரி ஏற்றினாள். இப்போது அதற்கு ஒரு இடம் இருக்கிறது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, மூணாம் நாள்னா, நாளைக் காலையிலதானுங்களே?"

இன்றும் வெந்நீர் வைத்தாள்.

அண்ணன்


பெல்மவுண்ட் எஸ்டேட்
22 ஏப்ரல் 2025

குமாரி,

ஈஸ்டர் வாழ்த்து என்று எழுத வேண்டும். எழுதியதாக வைத்துக்கொள். சனிக்கிழமை எழுதியதை இன்னும் தபாலில் போடவில்லை, அதையும் இதையும் ஒரே உறையில் போட்டு அனுப்புகிறேன். அதை முதலில் வாசி.

ஞாயிறு விடியலில் ஜோதி எனக்குச் சொல்லாமல் கல்லறைக்குப் போயிருக்கிறாள். நான் கோவிலில் ரோஸ் பவுடர்க்காரருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழுந்து ஓடி வந்தாள். முடி அவிழ்ந்து, கை காலெல்லாம் கீறல். "ஏனுங்க! எந்திரிச்சுட்டானுங்க! குழி தொறந்து கெடக்குது! உள்ள யாருமில்லீங்க! துணி மட்டும் கெடக்குது!"

நான் ஓடினேன், குமாரி. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். என்ன உளறுகிறாய் என்று கேட்க வேண்டிய நான் கேட்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினேன். ஓடும்போது என் மனதில் என்ன இருந்தது தெரியுமா? 'சட்டை இல்லாமல் இருப்பானே, குளிருமே' என்று நினைத்தேன். என் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

குழி திறந்துதான் இருந்தது. மண் இரண்டு பக்கமும் வாரியிருந்தது. வேட்டி சுருண்டு ஓரமாகக் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நான் சட்டையைப் பிடித்தபடி முழந்தாளிட்டேன். நாற்பது வருடம் கோவிலில் இட்டதெல்லாம் முழந்தாள் இல்லை, இதுதான் முழந்தாள். என் பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஜோதி கீழ்ப்பக்கம் செடிகளுக்குள் தேடிக்கொண்டு போனாள். அப்புறம் சத்தமே வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். கையில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் துண்டுகள். ஈர மண்ணில் பாதம் பதிந்திருந்தது, அகலமாக, முன்னால் நீள நகத்தோடு. தலையும் கிடந்தது. நக்கி நக்கி, கடித்து, முகம் போய்விட்டது.

"கரடிங்க" என்றாள். "எண்ணெ வாசத்துக்கு வந்திருக்குதுங்க."

கோவில் கதவை இரண்டு தடவை சரிசெய்தவன் நான். அவள் எண்ணெய் தேய்க்கும்போது பக்கத்திலேயே நின்றேன். எனக்குத் தோன்றவில்லை.

அவள் அழவில்லை, கத்தவில்லை. துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு குழியில் கொட்டி, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். மேலே இசக்கிமுத்துவை விட்டுக் கல் அடுக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து சோறு ஆக்கினாள். உன் கடிதத்தை ரவிக்கையிலிருந்து எடுத்து, அடுப்புக்கு மேலே இருந்த தோட்டக்காரர் படத்தையும் பிய்த்து, இரண்டையும் அடுப்பில் போட்டாள். சாயங்காலம் வெந்நீர் வைக்கவில்லை. என்னைப் பார்த்து, "நம்ம பையன் செத்துட்டானுங்க. இனிச் சும்மா வெறகு எதுக்கு?" என்றாள்.

நான் இவ்வளவு நாளாகக் கேட்டது இதைத்தானே? கிடைத்துவிட்டது.

ஞாயிறும் திங்களும் அந்தப் பானை கவிழ்ந்தே கிடந்தது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. இவ்வளவு நாளும் அவள் நம்புகிறாள், நான் அறிவாளி என்று இருந்தேன். அவள் வைத்த நெருப்பில்தான் நானும் குளிர் காய்ந்திருக்கிறேன். சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினேனே, அந்த ஓட்டத்திலிருந்து என்னால் திரும்பி வர முடியவில்லை. இன்று சாயங்காலம் நானே பானையைக் கழுவி, தண்ணீர் பிடித்து, அடுப்பை மூட்டினேன். ஜோதி வந்து பார்த்தாள். "யாருக்குங்க?" என்றாள். எனக்குத்தான் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் குளிக்கவில்லை. பானை பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்ட வரியை எழுதாதே. எழுதியிருந்தால் கிழித்துப் போடு. அன்று அந்தப் படத்தில் என்ன பார்த்தாய் என்று மறுபடி ஒருமுறை எழுது. அந்தச் சிரிப்பைப் பற்றி எழுது. இந்த முறை எனக்கு எழுது.

அண்ணன்,
சந்தியாகு


கார்மேல் மடம்
24 ஏப்ரல் 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். எனக்கு நலம். திங்களன்று தாயார் கட்டை அவிழ்த்துக் கொடுத்தார். அதில் மார்ச் மாதம் நீங்கள் எழுதியது மட்டும் இருந்தது. அண்ணியின் உடம்பைப் பற்றி வாசித்த பிறகு இனியும் தள்ளிப்போட எனக்குத் தைரியமில்லை.

பெரிய சனியன்று பீடத்தைச் சுத்தம் செய்வோம். இந்த வருடம் அந்தப் படத்தின் சட்டத்தைத் துடைக்க என்னை ஏணியில் ஏற்றினார்கள். இத்தனை வருடத்தில் அவ்வளவு கிட்டத்தில் நான் போனதே இல்லை. கொடி இருக்கிறது. காயம் பட்ட கைகள் இருக்கின்றன. தூங்குகிற காவல்காரர்களின் மீசைகூட அப்படியே இருக்கிறது. ஆண்டவருக்கு முகம் இல்லை, அண்ணா. ஓதத்திலும் திரிப் புகையிலும் அந்த இடத்துச் சாயம் எப்போதோ உதிர்ந்துபோயிருக்கிறது. பழுப்புத் துணிதான் இருக்கிறது. கண் இல்லை, வாய் இல்லை. நான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

இறங்கி வந்து மூத்த சகோதரி ஒருவரிடம் கேட்டேன். அவர் அங்கே இத்தனை நாளும் தன் அம்மாவைப் பார்த்து வந்தாராம். தாயாரிடம் போய்ச் சொன்னேன். அவர், "தெரியும்" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை எல்லாரும் அல்லேலூயா பாடினோம். நானும் அந்தத் துணியைப் பார்த்தபடி பாடினேன்.

அண்ணா, அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இனி வருவதை நீங்கள் உங்கள் வாயால் உரக்க வாசியுங்கள். அவர்கள் காதில் நன்றாக விழ வேண்டும்.

அண்ணி, அன்று நான் பார்த்தது சஞ்சய் இல்லை. அங்கே யாரும் இல்லை. சஞ்சய் இறந்துவிட்டான்.

உங்கள் தங்கை,
குமாரி

பின்குறிப்பு: இனி வெந்நீர் வைக்க வேண்டாம், அடுப்பை அணைத்துவிடுங்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.